லைட்டை எங்க வைக்கிறது?

போன மாதம் ஏ2 லைசென்ஸ் பற்றி எழுதியபோது ஒரு விசயத்தை வேணுமெண்டே தள்ளி வைத்தேன். லைசென்ஸ் எடுத்த பிறகு எங்கட வீட்டில் நடந்த கதை. பிழை என்னுடையது, அதனால் எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்ப அந்தப் பிழையைப் பற்றி மகளே மாமிமாருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இனி ஒளிச்சு என்ன?

மகளுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு டெஸ்ட்டும் பாஸ் பண்ணி, கோடை முழுக்க வேலை செய்து சேர்த்த காசில் ஒரு யமஹா ஆர்3 வாங்கினாள். செக்கண்ட் ஹாண்ட், 2017ஆம் ஆண்டுப் பைக். இன்சூரன்ஸ் எவ்வளவு எண்டு மட்டும் கேட்காதையுங்கோ. பைக் வீட்டுக்கு வந்த அண்டைக்குப் பின்னேரம் வாசலில் குந்தியிருந்து மனுவலைப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இந்த ஷிஃப்ட் லைட்டை எங்க வைக்கிறது?”

தெரியாதவர்களுக்கு: ஸ்போர்ட்ஸ் பைக் டயலில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுது எண்டு காட்டுற முள் ஒன்று இருக்கும். அதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லைட். நாங்கள் ஒரு எண்ணைக் குடுத்து வைத்தால், முள் அந்த எண்ணுக்கு வந்ததும் லைட் எரியும். “கியரை மாத்து” எண்டு அர்த்தம்.

யோசிக்காமலே சொன்னேன். “ஐயாயிரம்.”

அவள் டயலைப் பார்த்தாள். அதில் சிவப்புக் கோடு 12,500இல்தான் தொடங்குது. “பாதிகூட இல்லையேப்பா.”

“ரோட்டில ஓட அது காணும் பிள்ளை. அதுக்கு மேல போனால் எஞ்சினுக்கும் கூடாது, உனக்கும் கூடாது.”

எங்கட பிள்ளைகள் எல்லாத்துக்கும் ஏன் ஏன் எண்டு கேட்பார்கள் எண்டு நாங்கள் கூடினால் கதைக்கிறோம். அண்டைக்கு அவள் கேட்கவில்லை. ஐயாயிரத்துக்கு ஒரு லைட் தேவையில்லை எண்டு அதை அணைத்துவிட்டு, எண்ணை மனசில் வைத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஏனெண்டால் அந்த ஐயாயிரம் என்னுடையது இல்லை. சித்தப்பாவுடையது.

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஹொண்டா 90 வைத்திருந்தவர். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு அங்க பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் லேசில் பற்றாது, அதனால் ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல். சூடான பிறகு வெள்ளைப் புகையோட ஓடும். அந்த மண்ணெண்ணெயும் போத்தல் கணக்கில், விலை குடுத்து. அப்படி ஏழு வருசம் ஓடின மனிசன் 1997இல் லண்டன் வந்து, சின்ன ஹொண்டா ஒன்றில் பிட்சா குடுத்துத் திரிந்தார். அடுத்த வருசம் நான் ஒரு 125 வாங்கியபோது, எனக்குப் பழக்கினது அவர்தான். அவர் சொன்னதில் எனக்கு நிண்டது ஒரே வரி: “சத்தம் எழும்ப முன்னம் அடுத்த கியரைப் போடு.”

இருபத்தைந்து வருசமாக அப்படித்தான் ஓடுகிறேன். இப்ப என்னிடம் இருக்கிறது சுசுகி எஸ்வி650, வி-ட்வின் எஞ்சின். அதில் இந்த வரி பழுதில்லாமல் வேலை செய்யுது. மூவாயிரத்தில் இருந்தே இழுக்கிற எஞ்சின் அது. ஐயாயிரத்தில் கியரை மாற்றிக்கொண்டு போனால் சோம்பலாக, சந்தோசமாகப் போகலாம். பிழையே தெரியாது.

தெரிந்தது செப்டெம்பரில், ஏல்ஸ்பரியில் இருந்து பக்கிங்ஹாம் போற ஏ413 ரோட்டில். அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. ஒரு கார் கரவனை இழுத்துக்கொண்டு மணிக்கு 40 மைலில் போய்க்கொண்டிருந்தது. நீளமான நேர்ப்பாதை வந்தது. அவள் கண்ணாடி பார்த்தாள், தோளுக்கு மேலால் பார்த்தாள், சிக்னல் போட்டாள், வெளியில் எடுத்தாள். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. பிறகு ஒண்டும் நடக்கவில்லை. பைக் கரவனுக்குப் பக்கத்தில், அதே வேகத்தில், ஏதோ சேர்ந்து நடந்து போற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. எதிரில் ஒரு வெள்ளை வான், தூரத்தில்தான், ஆனால் வருது. வான்காரர் லைட் அடித்தார்.

நல்ல காலம், அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிறேக் பிடித்துப் பின்வாங்கி, கரவனுக்குப் பின்னால் திரும்ப வந்துவிட்டாள். வான் போகும்போது இடைவெளி தாராளமாகத்தான் இருந்தது. என்ர கால்தான் அதுக்குப் பிறகு கனநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த லேபையில் நிற்பாட்டினோம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்: “நான் ஃபுல்லா முறுக்கினனான் அப்பா. அது வரேல்ல.”

“எந்தக் கியரில நிண்டனி?”

“ஆறு. நீங்கள் சொன்ன நம்பரிலதானே மாத்திக்கொண்டு வந்தனான்.”

வீட்டுக்கு வந்து, வழக்கமாகப் பிள்ளைகள் செய்கிற வேலையை நான் செய்தேன். ஹோம்வேர்க்.

ஆர்3 எஞ்சின் 321 சிசி, இரண்டு சிலிண்டர். அது ஆகக் கூடின இழுவையைக் குடுக்கிறது 9,000 ஆர்பிஎம்மில், 29.6 நியூட்டன் மீற்றர். ஆகக் கூடின வலு 10,750இல், 42 குதிரை. இதைச் சென்னையில் செய்கிற றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350யோட ஒப்பிட்டுப் பாருங்கோ. அதின்ர இழுவை 27 நியூட்டன் மீற்றர், கிட்டத்தட்ட இதேயளவு. ஆனால் அது அதைக் குடுக்கிறது 4,000இல். வலு இருபது குதிரைதான். இரண்டுக்கும் கையில் இருக்கிற பலம் ஒண்டு. ஒருவர் ஆறுதலாக மிதிக்கிறார், மற்றவர் இரண்டு மடங்கு வேகமாக மிதிக்கிறார். சின்ன ஸ்போர்ட்ஸ் பைக்கில் வலு எங்கிருந்து வருது எண்டால் அந்த வேகமான மிதியில் இருந்துதான். 600 சிசி யமஹா ஆர்6 இன்னும் மோசம், அதின்ர முழு வலு 14,500இல் இருக்குது. இந்த எஞ்சின்களை ஐயாயிரத்துக்குக் கீழ் வைத்து ஓடுறது, குதிரைக்குச் சேணம் போட்டுவிட்டு நாங்கள் கயிற்றைப் பிடிச்சு நடந்து போற மாதிரி.

சரி, அண்டைக்கு 40 மைலில் என்ன நடந்தது? ஆர்3யின் கியர்ப் பற்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆறாவது கியரில் 40 மைலுக்கு எஞ்சின் ஏறத்தாழ 4,000. அவள் முழுக்க முறுக்கினாலும் எஞ்சினிடம் குடுக்க ஒண்டுமில்லை. அதே 40இல் மூன்றாவது கியர் எண்டால் 6,900. ஆறாவதோட பார்க்கும்போது மூன்றாவது கியர் எஞ்சினின் இழுவையைப் பின் சில்லுக்கு ஒன்றே முக்கால் மடங்களவுக்குப் பெருக்கிக் குடுக்கும். எஞ்சினும் அங்கே கூடுதலாகவே இழுக்குது. போதாததுக்கு 60 மைலைத் தொடும்போது முள் 10,300இல் நிற்கும். அதாவது முந்தி முடிக்கும் வரைக்கும் எஞ்சின் தன்ர நல்ல இடத்திலேயே நிற்குது, இடையில் கியர் மாற்றத் தேவையே இல்லை.

அப்ப இரண்டாவது கியர் இன்னும் திறம்தானே எண்டு நானும் நினைத்தேன். 40இல் 9,300, நல்ல இழுவை. ஆனால் 54 மைலில் சிவப்புக் கோடு வந்துவிடும். எஞ்சின் தன்னைத் தானே வெட்டும். எங்கே? சரியாகக் கரவனுக்குப் பக்கத்தில். கியர் தெரிவு செய்யும்போது இப்ப என்ன ஆர்பிஎம் எண்டதோட, நான் செய்யப்போற வேலை முடியும்போது என்ன ஆர்பிஎம் எண்டதையும் பார்க்க வேணும். இது எனக்கு நாற்பத்தைந்து வயதில் விளங்கின விசயம்.

இன்னொண்டும் பிடிபட்டது. எல்லாக் கியருக்கும் ஒரே எண் எண்டதே பிழை. இந்தப் பைக்கில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பெரிய இடைவெளி. 5,000இல் மாற்றினால் முள் 3,650க்கு விழும். அங்க எஞ்சின் நித்திரை. 8,000இல் மாற்றினால் 5,800க்கு வரும், அங்க உயிர் இருக்குது. ஐந்தாவதில் இருந்து ஆறாவதுக்கு இடைவெளி சின்னன், 7,000இல் மாற்றினால் 6,000க்குக் கிட்டத்தான் விழும். ஆகவே கீழ்க் கியர்களைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க வேணும், மேல்க் கியர்களை ஆறுதலாக மாற்றலாம். ரேஸ் ட்ராக்கில் எண்டால் எல்லாத்தையும் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டவரை இழுப்பார்கள். மாற்றின பிறகு முள் விழுகிற இடம் நல்ல இடமாக இருக்க வேணும் எண்டதுக்காகத்தான் அது, சத்தத்துக்காக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனோம். மகள் நடந்த கதையைச் சொன்னாள். அவர் ஒண்டும் சொல்லாமல் கேட்டார். பிறகு, “ஒருக்கா இந்த ரோட்டால ஓடிக் காட்டு பிள்ளை” எண்டார். கேற்றில் சாய்ந்து நிண்டு காது குடுத்துக் கேட்டார். அவள் என்ர முறையில் கியரை டப் டப்பெண்டு மேலே போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

“முக்குது” எண்டார். “பாவம், முக்கி முக்கிப் போகுது. உவளுக்கு ஆர் இப்பிடிப் பழக்கினது?”

“நீங்கள்தான் சித்தப்பா. சத்தம் எழும்ப முன்னம் கியரைப் போடு எண்டு.”

“டேய் தம்பி, நான் ரெண்டு விசயம் சொன்னனான். சத்தம் எழும்ப முன்னம் போடு எண்டது ஒண்டு. முக்கினால் உடன இறக்கு எண்டது மற்றது. நீ பாதியைத்தான் கேட்டனி.” பிறகு மகளிடம் திரும்பினார். “மண்ணெண்ணெயில, பின்னால ஒரு மூட்டை வெங்காயத்தோட, எதிர்க்காத்துக்குள்ள டொப் கியரில வைச்சு முறுக்கினால் எஞ்சின் டக் டக்கெண்டு அடிக்கும் பிள்ளை. ரெண்டு கிழமை அப்பிடி ஓடினால் பிஸ்ரன் போச்சு. அந்த நேரம் பிஸ்ரனுக்கு எங்க போறது? அதால காது எப்பவும் எஞ்சினிலதான் இருக்கும். லேசா ஓடேக்க மேல் கியர். பாரம் வந்தால் கீழ்க் கியர். சின்ன அப்பப்பாக்கு டயலே இருக்கேல்ல.”

அவர் சொன்ன டக் டக் சத்தத்துக்குக் காரணம் இருக்குது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. குறைந்த சுற்றில் திரொட்டிலை அகலத் திறந்தால், கலவை தீப்பொறிக்குப் பிறகு ஒழுங்காக எரியாமல் தன்பாட்டில் வெடிக்கும். இண்டைய பெற்றோலிலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனிலும் அந்தச் சத்தம் வாறது குறைவு. அதுதான் எங்களுக்கு வந்த வினை. அவருக்கு எஞ்சின் கத்திச் சொன்னது. மகளின் எஞ்சின் மரியாதையாக, சத்தமில்லாமல், வேலை செய்யாமல் விட்டுது.

அண்டைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் திரும்பப் பழகினோம். ஆறாவது கியர் கூடாது எண்டில்லை. 60 மைலில் ஒரே சீராகப் போகும்போது ஆறாவதில் 6,100 நிற்கும், திரொட்டில் மெல்லிசாகத் திறந்திருக்கும், பெற்றோலும் மிச்சம். சித்தப்பாவின் “லேசா ஓடேக்க மேல் கியர்” அதுதான். ஏதாவது செய்யப்போகிறாய் எண்டால், முந்துறதோ, மேடு ஏறுறதோ, வளைவுக்குள் போறதோ, அதுக்கு முன்னமே இறக்கிப் போடு. இந்த நாட்டுப் பொலிஸ் ஓட்டிகளுக்கான ‘மோட்டர்சைக்கிள் ரோட்கிராஃப்ட்’ புத்தகத்திலும் வரிசை அப்படித்தான்: தகவல், நிலை, வேகம், கியர், அதுக்குப் பிறகுதான் முடுக்கம். கியர் கடைசிக்கு முதல். வளைவுக்குள் போன பிறகு கியர் தேடுறது இல்லை.

ஊருக்குள்ளேயும் இதில் ஒரு லாபம் இருக்குது. 30 மைலில் மூன்றாவது கியர் எண்டால் ஐயாயிரத்துச் சொச்சம். கையை விட்டால் எஞ்சினே பைக்கைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஆறாவதில் அதே 30 எண்டால் 3,000, கையை விட்டாலும் மிதந்துகொண்டே போகும். யாராவது பார்க்காமல் காரைக் குறுக்கே எடுத்தால், முதல் கைகுடுக்கிறது அந்த எஞ்சின் பிறேக்தான்.

இறக்குறதில் ஒரு ஆபத்து இருக்குது, இதை மட்டும் பிள்ளைக்கு நூறு தரம் சொல்லுங்கோ. மேலே போகும்போது எஞ்சின் அளவுக்கு மிஞ்சினால் லிமிட்டர் வெட்டிக் காப்பாற்றும். இறக்கும்போது லிமிட்டரால் ஒண்டும் செய்ய ஏலாது, ஏனெண்டால் அப்ப எஞ்சினைச் சுத்துறது பின் சில்லு. ஆர்3யில் 60 மைலில் தவறி இரண்டாவதைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் எஞ்சின் 14,000க்குக் கிட்டப் போகும். ஈர ரோட்டில் பின் சில்லு பூட்டி இழுபடும். அதனால் ஒவ்வொண்டாக இறக்க வேணும். கிளட்ச்சை இழு, கையை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி எஞ்சினை எழுப்பு, கியரைத் தட்டு, கிளட்ச்சை விடு. முதல் இரண்டு கிழமை ஆட்டுக்குட்டி துள்ளின மாதிரித்தான் துள்ளினாள். பிறகு கை பழகிவிட்டுது. குளிர் எஞ்சினில் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், எண்ணெய் சூடாகும் மட்டும் முதல் சில மைலுக்கு ஆறுதலாகத்தான்.

பைக்கை விடக் கஷ்டப்பட்டது என்ர மனிசியோட. ஒருநாள் குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “இஞ்சருங்கோ, இவள் என்ன இந்தக் கத்துக் கத்த ஓடுறாள்? போன மாசம் எவ்வளவு அமைதியா ஓடினவள்” எண்டு சண்டைக்கு வந்தா. நான் பார்த்தேன். மகள் இரண்டாவது கியரில், 30 மைலில், கிட்டத்தட்ட 7,000இல் வந்தாள். சத்தம்தான். ஆனால் போன மாசம் அமைதியாக வந்தபோது அதே ரோட்டில் ஆறாவதில் 40. அமைதியாக இருந்தது வேகம், கத்தினது நிதானம். இதை மனிசிக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போச்சு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே குழப்பம்தான் இருந்தது. ஐயாயிரம் எண்டு நான் சொன்னது எஞ்சினுக்காக இல்லை. சத்தம் குறைவாக இருந்தால் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் எண்டு என்ர மனசு நினைத்துக்கொண்டது. (அக்கம்பக்கத்துக்கும் காது இருக்குது எண்டதால் எங்கட தெருவுக்குள் இப்ப மூன்றாவது கியர் எண்டு ஒப்பந்தம்.)

லைட்டை இப்ப 11,000இல் வைத்திருக்கிறாள். ஏன் எண்டு கேட்டேன். “அது மாத்திறதுக்கு இல்லை அப்பா. முந்தேக்க கண் ரோட்டில இருக்கும், முள்ளைப் பாக்க ஏலாது. லைட் எரிஞ்சால் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் எண்டு தெரியும்.” மாத்திறதுக்கு என்ன எண்? “அது எண் இல்லையேப்பா” எண்டுவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போடக் குனிந்துவிட்டாள்.

போன சனிக்கிழமை திரும்ப ஏ413. திரும்ப ஒரு கரவன், வேற ஆள், அதே 40. அவள் முன்னுக்கு. இந்த முறை பின்னுக்கு நிண்டபடியே கியரை இறக்குறது காதில் விழுந்தது: ஒண்டு, இரண்டு, மூண்டு, ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்ன உறுமல். பாதை தெளிவாகும் வரைக்கும் பொறுத்தாள். பிறகு வெளியில் எடுத்தாள், எஞ்சின் ஒருக்காப் பாடிச்சு, கரவனுக்கு முன்னால் உள்ளே வந்து சேர்ந்துவிட்டாள். உடன மேல் கியர், அமைதி. நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் மூச்சை அடக்கினது விட முன்னம் முடிந்துவிட்டது.

எனக்கு எதிரில் கார்கள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. வின்ஸ்லோ வரைக்கும் நான் கரவனுக்குப் பின்னால்தான். பக்கிங்ஹாமில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வைத்திருந்தாள். நான் போய்ச் சேரேக்க அது ஆறிப்போய் இருந்தது.